மாத்திரைக்கு மசியாத சீழ்க்கட்டி: கட்டுப் போடும் அறையிலிருந்து சில யோசனைகள்

பங்குனி வெயில் ஏறியதுமே எங்கள் கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைந்துவிடும். அக்குளில் கட்டி, தொடையிடுக்கில் கட்டி, பிடரியில் கட்டி, உட்காரவே முடியாத இடத்தில் கட்டி. "சூட்டுக் கட்டிதான் சிஸ்டர், இளநி குடிச்சும் அமரல" என்பார்கள். கையில் மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரைக் கவர் இருக்கும். அதில் பாதி தீர்ந்திருக்கும்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலான நாள் வேலை இந்தக் கட்டு அறையில்தான். ஒரே விஷயத்தைத் தினமும் நின்றபடி பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்றபடி சொல்வதில் முக்கால்வாசி விட்டுப்போகும் என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சூடு என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெயிலில் வியர்க்கும், வியர்த்த இடம் உராயும், உராய்ந்த தோல் நைந்துபோகும். ஆனால் உள்ளே சீழ் பிடிக்க வைப்பது பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. ஆஸ்பத்திரிப் பேச்சில் ஸ்டாஃப். 1880-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கொத்துக் கொத்தாக இருந்த இதை அடையாளம் காட்டினார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்குக்குள் இது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தோல் கிழிந்தால்தான் வம்பு.

1940-களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே அதற்கு அடங்காத ஸ்டாஃப் வந்துவிட்டது. அதை அடக்க 1959-ல் மெத்திசிலின் வந்தது. 1961-லேயே அதற்கும் அடங்காத ரகம் இங்கிலாந்தில் பதிவானது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் இருக்கும் பெரிய மருத்துவமனைகளில், சோதித்த ஸ்டாஃப் மாதிரிகளில் பத்துக்கு நான்கு என்கிற அளவில் சமீப வருடங்களில் இந்த ரகம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு முற்றிய நோயாளிகளின் கணக்கு அது. ஊரில் வரும் எல்லாக் கட்டியும் அப்படி என்று பயப்பட வேண்டாம்.

இரண்டு ரகமும் உடம்புக்குள் நுழையும் வழி ஒன்றுதான்: தோல், கை, துணி. மருந்துக்கு அடங்குமா என்பது நுழைந்த பிறகுதான் தெரியும். அதனால் எந்த ரகம் என்று தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டியவைதான் அதிகம்.

சிராய்ப்பு

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். செயற்கைப் புல்தரை வந்தபின் பையன்கள் முழங்காலிலும் முழங்கையிலும் வரும் காயமே மாறிவிட்டது. மண் தரையில் விழுந்தால் கல் குத்திய காயம். இந்தத் தரையில் சறுக்கி விழுந்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மேல்பாகம் மட்டும் உரிந்து, தீக்காயம் மாதிரி நீர் கசியும். ஆழமில்லை என்பதால் யாரும் சட்டை செய்வதில்லை. அடுத்த நாள் அதே காலோடு, அதே வியர்வைக் காலுறையோடு ஆட்டம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 2003 சீசனில் 58 பேரில் 5 பேருக்கு எட்டு முறை எம்.ஆர்.எஸ்.ஏ. கட்டி வந்தது. எட்டும் தரையில் உரசிச் சிராய்த்த இடங்களில்தான். விசாரித்துப் பார்த்தால், துண்டு மாற்றி மாற்றித் துடைத்துக்கொள்வது, குளிக்காமல் பொதுத் தொட்டியில் இறங்குவது, சிராய்ப்பை மூடாமல் விடுவது என்று பட்டியல் நீண்டது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அணியிலேயே துண்டு பொதுவாக இருந்திருக்கிறது, நம் பள்ளிக்கூட அணியைச் சொல்லவா வேண்டும்?

சிராய்த்ததும் ஓடும் குழாய்த் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மண், நார் எல்லாம் போகும்வரை கழுவ வேண்டும், ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, காஸ் துணி வைத்து, நான்கு ஓரமும் பிளாஸ்திரி ஒட்டுங்கள். மேலே மட்டும் ஒரு பட்டை ஒட்டி ஓரம் திறந்து கிடந்தால் அது கட்டே இல்லை. தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். புண் கசிகிற வரைக்கும், கசிவு வெளியே வராதபடி மூட முடியாவிட்டால், அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். காற்று பட்டால்தான் ஆறும் என்று திறந்து போட்டுத் திரிகிறவர்களோடு நான் சண்டை போட்டே ஓய்ந்துவிட்டேன்.

கோல்கீப்பர் கிட் தனிக் கதை. பல அணிகளில் ஒரே ஒரு செட்தான் இருக்கும். கால் பேட், மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாம் ஒருவர் கழற்றி அடுத்தவர் மாட்டுவது. ஹெல்மெட்டின் தாடைப் பட்டியைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் காயாமல் பிசுபிசுவென்று இருக்கும். அந்தப் பட்டி படும் இடத்திலேயே தாடைக்குக் கீழ் வரிசையாக மூன்று கொப்புளத்தோடு ஒரு பையன் வந்தான். உள்ளே சொந்தமாக ஒரு முழுக்கை பனியன், நீளக் காலுறை. மாற்றும்போது தாடைப் பட்டியையும் பேட்டின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பது. ஆட்டம் முடிந்ததும் பைக்குள் திணிக்காமல் வெயிலில் விரித்துப் போடுவது. இந்த மூன்றையும் பயிற்சியாளர் கட்டாயமாக்கினால் போதும். கபடி, மல்யுத்தம், ஜிம் எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான். ஜிம்மில் பெஞ்சின் மேல் உங்கள் துண்டை விரித்துப் படுங்கள்.

காயத்தில் போடக் கூடாதவையும் இருக்கின்றன. காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல். தண்ணீர் கலக்காத டெட்டால். ஆண்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தூவுவது. கடைசியில் சொன்னதை இன்னும் வாரா வாரம் பார்க்கிறேன். அந்த மருந்துப் பொடி மஞ்சளாகக் கெட்டிப்பட்டுப் படிந்து, அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளிக்கும் எனக்கும் வியர்த்துவிடும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

துணி, பிளேடு, கை

குளிக்கும் துண்டு ஆளுக்கொன்று. புருஷன் பெண்டாட்டிக்கும்தான். மில் விடுதி, கல்லூரி விடுதிகளில் ஒரே கொடியில் பத்துத் துண்டு தொங்கும், கைக்கு வந்ததை எடுப்பார்கள். ஸ்டாஃப் உலர்ந்த துணியில் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். துண்டின் மூலையில் கலர் நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, ரேசர், பஞ்சு நார் இவையும் அப்படியே.

சலூனில் புது பிளேடை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். இப்போது நிறையப் பேர் கேட்காமலேயே செய்கிறார்கள். ஆனால் பிளேடு புதிதாக இருக்கும், கழுத்தைச் சுற்றும் துணியும் முகம் ஒற்றும் துண்டும் காலையிலிருந்து அதேதான். வீட்டுத் துண்டை எடுத்துப் போங்கள். அக்குளையும் அந்தரங்க இடத்தையும் ஒட்டச் சிரைப்பவர்களுக்கு அந்த இடங்களில் கட்டி வருவதை அடிக்கடி பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் காரணம். கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொள்வது மேல்.

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் கொரோனாவில் கேட்டுப் புளித்தது என்பீர்கள். சரி, ஒன்றே ஒன்று. உள்ளங்கையை எல்லோரும் நன்றாகவே கழுவுகிறார்கள். கட்டைவிரலையும் நகக்கண்ணையும் யாரும் கழுவுவதில்லை. மூக்கை நோண்டுவதும் கட்டியை அமுக்குவதும் அந்த விரல்கள்தான். கிருமிநாசினி சோப்பு தேவையில்லை, சாதாரண சோப்பு போதும். கையில் சீழோ அழுக்கோ தெரிந்தால் சானிடைசர் உதவாது, தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

கட்டி வந்துவிட்டால்

அமுக்காதீர்கள். ஊக்கு, சப்பாத்தி முள், அடுப்பில் காட்டிய ஊசி எதுவும் வேண்டாம். அமுக்கினால் வெளியே வருவது கொஞ்சம், உள்ளே பரவுவது அதிகம். மூக்கு, மேலுதடு, அவற்றை ஒட்டிய பகுதியில் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் போகும் குழாய்களோடு சேர்கின்றன. அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து.

சிறிய கட்டிக்குப் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பிறகே வைக்க வேண்டும். ஒத்தடம் கொடுத்த துணியை உடனே வெந்நீரில் போடுங்கள். தானாக உடைந்தால் காஸ் வைத்து மூடி, நனைந்த காஸைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவுங்கள். காஸை வாசலில் எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதைப் பொறுக்குவது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்? நான் சொல்லிக் கொடுக்கும் வழி ஒரு பால்பாயின்ட் பேனா. கட்டியைச் சுற்றிச் சிவந்திருக்கும் எல்லையில் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், நெறி கட்டுவது, பார்க்கச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி, கட்டிக்கு மேல் தோல் கருத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் கோடு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அன்றைக்கே வாருங்கள். கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள் சின்னக் கட்டிக்கும் வர வேண்டும். வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் பார்ப்பதே ரத்தத்தில் சர்க்கரைதான். கட்டிக்கு வந்து, தனக்குச் சர்க்கரை இருப்பதை எங்கள் அறையில் தெரிந்துகொண்டு போனவர்கள் அநேகம்.

பழுத்த கட்டிக்கு முதல் வைத்தியம் கீறி விடுவதுதான். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி, உள்ளே பொந்து பொந்தாகத் தங்கியிருக்கும் சீழை மருத்துவர் முழுதாக எடுப்பார். குழி பெரிதானால் உள்ளே காஸ் திரி வைப்போம். சீழ் தேங்கிக் கிடக்கும்போது எந்த மாத்திரையும் அதற்குள் சரியாக எட்டாது. கீறி விட்டாலே ஆறிவிடும் கட்டிகள் நிறைய. கூடவே மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கத்திக்குப் பயந்து பதினைந்து நாள் மாத்திரை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் குழியைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

சீழ்ப் பரிசோதனை

இதைக் கேட்டு வாங்குங்கள். கீறும்போது வரும் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காய்ந்த பொருக்கின் மேல் தடவி எடுத்தால் பயனில்லை, உள்ளிருந்து எடுக்க வேண்டும். முடிந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் பெயரைச் சொல்லுங்கள், கவரையாவது கொண்டு வாருங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

தாளில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஐ, ஆர் என்று இருக்கும். எஸ் என்றால் மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. ஐ இருந்தால் மருத்துவர்தான் அளவு பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஸ்டாஃப் என்று வந்திருந்தால் செஃபாக்சிடின் என்ற வரியைத் தேடுங்கள். அந்த மருந்தை உங்களுக்குக் கொடுக்கப்போவதில்லை, ரகத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதை வைக்கிறார்கள். அதில் ஆர் இருந்தால் எம்.ஆர்.எஸ்.ஏ. அப்படியானால் அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது, செஃபாலெக்சின், செஃபிக்சிம், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் எதுவும் எடுபடாது. "பவர் ஊசி போடுங்க" என்று கெஞ்சிக் கேட்பது பெரும்பாலும் அந்தக் கடைசி ஊசியைத்தான்.

வேறு மருந்துகள் இருக்கின்றன. கோ-டிரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளுக்கே பல நேரம் அடங்கிவிடும். எது யாருக்கு என்பதில் கர்ப்பம், சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் வேன்கோமைசின், அதை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் படுத்தே ஆக வேண்டும். லினிசோலிட் மாத்திரையாகவே கிடைக்கிறது, நன்றாகவும் கேட்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் அது வேண்டும், வாரக்கணக்கில் தின்றால் ரத்த அணுக்கள் குறையலாம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மருந்துகளோடு ஒத்துப்போகாது. போன தடவை கேட்டது என்று பழைய சீட்டைக் காட்டி வாங்கக் கூடாத மருந்து அது.

மாத்திரைப் பட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2012-ல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆண்டிபயாடிக்கைக் கண்டபடி விற்பதற்குக் கடிவாளம் போடச் சொல்லி ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஓர் அறிக்கையே கொடுத்தார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளை அது இன்னும் எட்டவில்லை. எழுதிக் கொடுத்தால் எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள், மிச்சம் பிடித்து வைக்காதீர்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்த தாளை பத்திரப்படுத்தி, பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால்

ஆபரேஷனுக்கு முதல் நாளும் அன்று காலையிலும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். வயிற்றிலோ காலிலோ முடியை வீட்டில் பிளேடால் சிரைத்துக்கொண்டு வராதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் கிளிப்பரால் நாங்கள் எடுப்போம். கையில் போட்ட வென்ஃப்ளான் ஊசி இருக்கும் இடத்தைத் தினமும் பாருங்கள். சிவந்தோ வீங்கியோ வலித்தோ இருந்தால் சொல்லுங்கள். மருந்து ஏற்றுவது நின்ற பிறகும் அது சும்மா செருகிக் கிடந்தால் "இது இன்னும் வேணுமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். புண்ணைத் தொடும் முன் எங்களைக் கை கழுவச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. முகம் கோணுகிறவர்களும் இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

துணைக்கு இருப்பவர்கள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பேசுவதும், பக்கத்து நோயாளியின் புண் கட்டைப் பிரித்துவிட்டு வந்து தன் ஆளுக்குச் சோறு ஊட்டுவதும் நம் வார்டுகளில் சகஜம். உதவி செய்வது தப்பில்லை. இடையில் ஒரு தடவை குழாய்க்குப் போய் வாருங்கள்.

வீட்டில் மாற்றி மாற்றி வந்தால்

ஒருவருக்கு ஆறினால் இன்னொருவருக்கு, அல்லது ஒருவருக்கே மாதாமாதம் வந்தால், வீட்டில் யார் மூக்கிலோ இந்தக் கிருமி குடியிருக்கலாம். அப்போது ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் தலையணை உறை, போர்வை, துண்டு, உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கதவுப் பிடி, கழிவறைக் குழாய், செல்போன், ரிமோட் இவற்றைத் துடையுங்கள். தரைக்கும் குளியலறைக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போதும். அதோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், வரும் புகை நெஞ்சை அடைக்கும்.

அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவர் இரண்டு மருந்து எழுதுவார். ஒன்று மூக்குக்குள் தடவும் முப்பிரோசின் களிம்பு, வழக்கமாகக் காலை மாலை ஐந்து நாள். இன்னொன்று குளோர்ஹெக்சிடின் திரவம், சோப்புக்குப் பதிலாகக் கழுத்துக்குக் கீழே தேய்த்துக் குளிப்பதற்கு. கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. களிம்பைப் பட்டாணி அளவு சுண்டுவிரல் நுனியில் எடுத்து இரண்டு துவாரத்திலும் தடவி, மூக்கை வெளியிலிருந்து ஒரு நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். சொன்ன நாள் முடிந்ததும் டியூபை எறிந்துவிடுங்கள். மீதியைக் கொசுக்கடிக்கும் கொப்புளத்துக்கும் தடவி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் களிம்புக்கும் அடங்காத ஸ்டாஃப் வருகிறது, ஏற்கெனவே வந்தும் இருக்கிறது.